ஹட்டன் டவுனில் ஒரு கொமியுனிகேஷன்: விசா வேலைக்கு நம்பிப் போகலாமா?

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் கூட்டம் படிக்கட்டைத் தாண்டிவிடும், தனி ஆளாகச் சமாளிக்க முடியாது என்று கடைக்காரத் தம்பியே கேட்டுக்கொண்டார். கீழே பேக்கரி, மேலே மரப்படி ஏறிப் போகிற மாடி என்றால் ஹட்டன்காரர்கள் சிலருக்காவது புரிந்துவிடும். எட்டடிக்குப் பத்தடி இடம். ஒரு கம்ப்யூட்டர், போட்டோகொப்பி மெஷின், ரீலோட் கார்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. சுவரோரம் இருப்பதில் உட்காருங்கள்.

2025இல் எங்கள் குடும்பத்துக்கு இங்கே மூன்று விசா வேலை நடந்தது. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அக்கா மகள் இலங்கைக்கு வர ஒன்று, அவளே இந்தியா போக ஒன்று, அப்புறம் அம்மாவும் நானும் ஜெர்மனி போக ஒன்று. முதல் வேலைக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கடைசி வேலை ஏழு வாரம் இழுத்தது. அதே ஆள், அதே மேசை.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா வவுனியாவில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனவள். மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆகஸ்டில் கல்யாணம், அதற்கு முன் அம்மாச்சியைப் பார்க்க ஏப்ரல் வருஷப்பிறப்புக்கு வருகிறேன் மாமா என்று போன் பண்ணினாள். ஈ.டி.ஏ. (இலங்கைக்கு வர ஆன்லைனில் எடுக்கிற முன் அனுமதி) எடுக்கப் போய், கூகுளில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் விழுந்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பணம் கேட்கிறதே என்று எனக்குப் படம் பிடித்து அனுப்பினாள். நான் அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். தம்பி பார்த்த மாத்திரத்தில், "இது கவர்மென்ட் சைட் இல்ல சேர். முகவரி முடியிற இடத்துல ஜி.ஓ.வி. டொட் எல்.கே.ன்னு இருக்கணும்" என்றார். சரியான தளத்தில் அப்போது 50 டாலர், 30 நாள், இரண்டு தடவை உள்ளே வரலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசம் செல்லுமா என்று கேட்டார், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து ஃபாரத்தை நிரப்பினார், அவ்வளவுதான். மறுநாள் அனுமதி வந்துவிட்டது. அவருக்கு 1,000 ரூபாய்.

இந்த ஈ.டி.ஏ.யை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டு, வெளியாரிடம் வேலையைக் கொடுத்து, கட்டணமும் ஏறி, விமான நிலையத்தில் ஒரே அமளி ஆனது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் பழைய முறை திரும்பி வந்தது. தம்பிக்கு இதெல்லாம் தேதியோடு தெரியும். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்த 'இரண்டு தடவை' பிறகு உதவியது. வந்த பெண் நடுவில் மாலைதீவுக்கு நாலு நாள் பறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். மாலைதீவில் அநேகமாக எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இறங்கியதும் 30 நாள் இலவசமாகக் குத்துகிறார்கள். ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமலோ, போய் இறங்கி வாங்கிக்கொண்டோ போகிற இடங்கள் 190ஐ ஒட்டி வருகின்றன என்கிறார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு நாற்பத்துச் சொச்சம். அந்த மாலைதீவுக் கவுண்டரில் மட்டும் அவளும் நானும் ஒன்று.

ஆனால் இந்தியா விடவில்லை. ஐரோப்பிய பாஸ்போர்ட் என்றாலும் ஈ-விசா வேண்டும். அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமா, மலையகத் தமிழரை இரண்டு நாடும் பிரித்துக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பக்கம் எழுதப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். இப்போது பிள்ளைகுட்டிகளோடு கோத்தகிரியில் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்த ஃபாரத்தைத் தம்பி நிரப்பியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மதம் கேட்கிறது, உடம்பில் தெரிகிற அடையாளம் கேட்கிறது, அப்பா அம்மா பிறந்த ஊர் கேட்கிறது. பாட்டன் பாட்டி பாகிஸ்தான்காரரா என்றும் ஒரு கேள்வி. "பாட்டன் பாட்டி இந்தியாவிலிருந்து தேயிலைக்கு வந்தவங்களான்னு கேட்க ஒரு பெட்டி இல்லையா மாமா?" என்றாள். தம்பி சிரிக்காமல் ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துவிட்டு, "இல்ல மிஸ்" என்றார்.

லண்டனுக்கும் இப்போது தனக்குச் சும்மா போக முடியாது, ஏப்ரல் 2இலிருந்து ஐரோப்பியர்களுக்கும் முன் அனுமதி, 16 பவுண்ட் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

காரணம், பிப்ரவரியில்தான் எனக்கும் அம்மாவுக்கும் ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனியும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, மறுக்கப்பட்டிருந்தது. அது இந்தக் கடையில் செய்தது அல்ல. கொழும்பில் ஒரு ஏஜென்ட், 75,000 ரூபாய். பேங்க் கணக்கில் பத்து லட்சம் காட்டினால்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி, ஒரு வாரத்துக்கு வட்டிக்குப் பணம் போட வைத்தார். படித்த வாத்தியாராக இருந்தும் நானும் போட்டேன். மறுப்புக் கடிதத்தில், விசா முடியுமுன் நாடு திரும்புவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு என்ற பெட்டியில் புள்ளடி. கட்டிய காசு திரும்பி வராது. ஒரு மாசத்துக்குள் ஆட்சேபணை எழுதலாம் என்பதையும் அந்த ஆள் சொல்லவில்லை. ஏப்ரலில் இந்தத் தம்பி சொல்லித்தான் தெரியும், அதற்குள் காலம் போய்விட்டது. (ஜெர்மனி அந்த ஆட்சேபணை முறையையே 2025 ஜூலை 1இலிருந்து எடுத்துவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும்.)

பழைய ஃபைலைத் தம்பி ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். பேங்க் ஸ்டேட்மென்டில் அந்தப் பத்து லட்சம் விழுந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சேர், விசா கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஃபைல் சுத்தமா இருக்கும்னு மட்டும் சொல்றேன்" என்றார். அந்தச் சொல்லுக்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் காட்டச் சொல்லும்போது எல்லோரும் முதலில் நீட்டுவது காணி உறுதி. தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவிடம் உறுதிக்கு எங்கே போவது? லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) தோட்டத்துக்குச் சொந்தம். அம்மா பிறந்ததிலிருந்து அதைவிட்டுப் போனதில்லை, ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இந்த இடத்தில்தான் தம்பியின் வேலை தெரிந்தது. தோட்ட நிர்வாகத்திடம் வதிவிடக் கடிதம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம். என் பக்கத்துக்குச் சம்பளப் பட்டியல், வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி, வேலைக்குத் திரும்புகிற தேதி போட்டு அதிபர் தந்த கடிதம். வட்டிக்கு எடுத்த பணம் இல்லாத, உள்ளபடியான மூன்று மாச ஸ்டேட்மென்ட். செலவை அக்கா பொறுப்பேற்கிறாள் என்று ஜெர்மனியில் அவள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி எடுத்த உறுதிப் பத்திரம். அதன் ஜெர்மன் பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையாது, தம்பி 'நீளப் பேப்பர்' என்பார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி.

பெயர்ச் சிக்கல் தனி. அம்மாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் 'ஆயி' என்று முடியும், அடையாள அட்டையில் 'அம்மாள்' என்று முடியும். பிரஜாவுரிமைப் பத்திரத்தில் மூன்றாவது விதம். அந்தக் காலத்துத் தோட்டத்தில் எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. மூன்று பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுக்க அம்மா விடவில்லை. தம்பி உறையோடு வைத்துக் கொப்பி எடுத்தார். மூன்று தடவை வெளிச்சம் அடித்தது, நாலாவது தெளிவாக வந்தது. ஒரு கொப்பிக்குத்தான் காசு வாங்கினார்.

இன்னொரு யோசனையும் அவருடையது. கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் பிடிக்காது. "முதல் நாள் ராவு தேங்காய் எண்ணெய் பூசிப் படுக்கச் சொல்லுங்க, காலையில சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க." சொன்னபடி செய்து, நடுச்சாமம் பஸ் ஏறி, கித்துல்கல வழியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். விண்ணப்ப நிலையத்தில் அந்தப் பிள்ளை அம்மாவின் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து வைத்தாள். எட்டு விரல் விழுந்தது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கடைசி வரை விழவில்லை. விழுந்த மட்டும் போதும் என்று எழுதிக்கொண்டாள்.

கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. 2024 ஜூன் வரை 80 ஆக இருந்தது. ரூபாயில் 30,000க்கு மேல் என்றதும் அம்மா விரலை மடக்கினார். அப்போதைய 1,350 ரூபாய்ப் பேருக்கு, அதாவது தோட்டத்து நாள் சம்பளத்துக்கு, 22 நாளுக்கு மேல் மலை ஏற வேண்டும். "போன தடவை கட்டினதும் சேர்த்தா?" என்று வேறு கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிக் குறைகள். தம்பி எடுத்த போட்டோ செல்லவில்லை. பின்னால் கட்டியிருந்த துணி நீலம் அடித்துவிட்டது, 35க்கு 45 மில்லிமீட்டரில் கொழும்பில் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று, அங்கே விலையும் கொழும்பு விலை. போட்டோவை வேறு கடையில் எடுத்துக்கொண்டு போங்கள். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். யு.பி.எஸ். என்று ஒன்று மேசைக்குக் கீழே இருக்கிறது, அது காலை வைக்கத்தான். ரசீது கேட்டால்தான் தருவார். ஒரு நாள் ஃபாரத்தில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டார். தகப்பன் பெயரை முன்னால் வைத்து எழுதுகிற நம் வழக்கத்துக்கு அந்த ஃபாரம் ஒத்துவராது, அதனால் பாஸ்போர்ட்டில் எப்படிப் பிரித்திருக்கிறார்களோ அப்படியே போட வேண்டும். நான் பார்த்துச் சொன்னதால் தப்பியது. அச்செடுக்குமுன் நீங்களும் ஒரு தடவை வாசியுங்கள்.

விசா ஜூலையில் வந்தது. அதையும் மாடிக்கே கொண்டுபோனேன். நல்லதாகப் போயிற்று. ஸ்டிக்கரில் ஆகஸ்ட் 2இலிருந்து செப்டம்பர் 8 வரை என்று போட்டிருந்தது, நானோ அத்தனை நாளும் இருக்கலாம் என்று நினைத்துவிட்டேன். தம்பி கீழே இன்னொரு கட்டத்தைக் காட்டினார்: நாள் 23, நுழைவு 1. தேதி நீளமாக இருப்பது பயணம் தள்ளிப் போனால் சமாளிக்க, தங்கக்கூடியது 23 நாள் மட்டும். நுழைவு ஒன்று என்பதால் ஷெங்கனுக்கு வெளியே கால் வைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது. லண்டனில் இருக்கிற அக்கா மகனைப் பார்க்கும் திட்டம் அங்கேயே முடிந்தது. அதற்கு எங்களுக்கு வேறு விசா, வேறு ஃபைல். மணப்பெண்ணோ 16 பவுண்டைப் போனிலேயே கட்டிவிட்டு, லண்டனில் தன் கூடப்பிறந்தவனைப் பார்த்து ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் நாள் திரும்பி வந்தாள்.

ஷெங்கனுக்குள்ளே 29 நாடு என்கிறார்களே, அதில் இரண்டைப் பார்த்தோம். ஜெர்மனியில் கேல் என்ற ஊரில் டிராம் ஏறினால் ரைன் ஆற்றுப் பாலம் தாண்டிச் சில நிமிஷத்தில் பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க். அம்மா பாலத்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். செக் பண்ணுகிற இடம் எங்கேடா என்று இரண்டு தடவை கேட்டார். தாண்டிவிட்டோம் அம்மா என்றேன், நம்பவில்லை. அவருக்கு நாடு மாறுவது என்றால் தலைமன்னார்தான், தன் தம்பியை வழியனுப்பிய சுங்கக் கொட்டகைதான். திரும்பி வரும்போது ஜெர்மன் போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்டதும் அம்மாவுக்கு ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து எல்லாத் தரை எல்லையிலும் ஜெர்மனி பார்க்கிறது, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியவரும் கடைத் தம்பிதான்.

ஐந்துக்கு நான்கு. ஒரு ஆளுக்கு முழு ஃபைலுக்கும் 6,000 ரூபாய் வாங்கினார், மொழிபெயர்ப்புச் செலவு தனி. அவசரம் என்று கடைசி வாரம் போய் நிற்காதீர்கள். ஷெங்கன் ஃபைலைப் பயணத்துக்கு ஆறு மாசம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும், கோடைக்கு நேரம் கிடைப்பதும் கஷ்டம். பேங்க் கணக்கைப் பெருப்பித்துத் தரச் சொன்னால் எழுந்து போகச் சொல்லிவிடுவார், எனக்கு முன்னாலேயே ஒருவரை அனுப்பினார். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் திறந்திருக்கும், ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் இல்லை. அசல் பத்திரங்களைக் கடையில் விட்டுவிட்டு வர நினைக்காதீர்கள், அவரே வாங்கி வைக்க மாட்டார்.