சின்ன டிராகனும் வேலூர் வெயிலும்: இரண்டு வருடம் வைத்திருந்த அனுபவம்

குடியாத்தத்தில் இருக்கும் தங்கை போன வாரம் போனில் கேட்டாள்: "அண்ணா, பாப்பா வச்சிருக்கிற குட்டி டிராகன் மாதிரி இவனுக்கும் ஒண்ணு வாங்கலாமா? இப்போ விலை குறைஞ்சிருக்கே." எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றைக்குத்தான் மூன்றாவது தடவையாக அதன் வாலைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

3டி பிரிண்டரில் அச்சடித்த, உடம்பெல்லாம் மூட்டு வைத்த டிராகன்தான். எங்கள் வீட்டில் மூன்று. இரண்டு பெரியவை, ஆளுக்கு ஒரு முழம். குட்டி 9 செ.மீ.

பெரியவை டிவிக்குக் கீழே சும்மா கிடக்கும். வீட்டை ஆள்வது குட்டிதான். காரணம், மகள் கொமோடோ டிராகனைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்ன ஒரு விஷயம். இந்தோனேசியத் தீவுகளில் இருக்கும் அந்தப் பல்லி 3 மீட்டர் வரை வளரும். முட்டையிலிருந்து வரும்போது 40 செ.மீ.தான் இருக்கும். வளர்ந்தவை குட்டிகளையும் பிடித்துத் தின்றுவிடும் என்பதால், குட்டிகள் முதல் சில வருடங்களை மரத்திலேயே கழிக்கும். பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வளர்ந்தவற்றால் ஏற முடியாது.

அன்றிலிருந்து எங்கள் குட்டி தரையில் இறங்கியதே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் மேல், அலமாரி விளிம்பில், ஜன்னல் கம்பியில் என்று எப்போதும் உயரத்தில்தான். வாலைக் கம்பியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தால், மூட்டு மூட்டாக டக்டக்கென்று சரிந்து தலைகீழாகத் தொங்கி, கீழே இருக்கும் பெரியவர்களை எட்டிப் பார்க்கும். பயந்த சுபாவம், ஆனால் வேடிக்கை பார்க்காமல் இருக்காது என்பாள் மகள். அந்த மூட்டுகளை வடிவமைத்தவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

சரி, இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. இது வேலூர். கத்திரியில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கம்பியைத் தொட்டால் கை சுடும். பொம்மை செய்திருக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். முதல் கோடையிலேயே வால் மெழுகுவர்த்தி மாதிரி வளைந்துவிட்டது. சோளத்திலிருந்து செய்தது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நீட்டி முழக்கி விற்றவர், வெயிலில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஊரில் விற்கிறவர் முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே!

டம்ளரில் சூடான தண்ணீர் ஊற்றி (கொதிக்கக் கூடாது), வாலைச் சில நொடி முக்கி, நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் போட்டால் நேராகிவிடும். இரண்டு முறை அப்படித்தான் காப்பாற்றினேன். இந்த முறை ஒரு வளையமே உடைந்துவிட்டது. பசை போட்டதில் இரண்டு மூட்டுகள் இறுகிவிட்டன. இனி அந்த இடத்தில் வளையாது. நியாயமாகச் சொன்னால், பெரியவை இரண்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நிழலிலேயே கிடந்தால் எதற்கு என்ன ஆகும்?

ஒரு நாளை மட்டும் மறக்க முடியாது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில், தூணில் பாயும் யாளிகளை மகள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் குட்டியைப் பையிலிருந்து எடுத்து, யாளியின் காலடியில் குளிர்ந்த தரையில் இறக்கிவிட்டாள். "இவங்க கல்லுப்பா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கொஞ்ச நேரம் நடக்கட்டும்."

தங்கையிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதற்கு மேல் தர மனம் வரவில்லை. மறுநாள் காட்பாடியில் அச்சடித்துத் தரும் பையனிடம் போய், இன்னும் அதிகச் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் அதே அளவில் இரண்டு சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று குடியாத்தத்துக்கு. மற்றொன்றைப் பற்றிச் சொன்னதும் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ பழசு?"

அது கடிகாரத்தின் மேல் இருக்கிறது. ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று.