அப்பாவின் டயப்பரை எங்கே போடுவது?

போகிக்கு இரண்டு நாள் முன்னால், விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ராத்திரி நாய் குழியைப் பறித்து அப்பாவின் டயப்பர்களை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. கிழிந்த பஞ்சும் அதிலிருந்து பிதுங்கிய ஜெல்லும் வாழைக்கன்று வரைக்கும் சிதறிக் கிடந்தன. பனி ஈரத்தில் ஊறி, வெந்த ஜவ்வரிசியைக் கொட்டின மாதிரி இருந்தது. விளக்குமாற்றால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனதே தவிர அள்ள வரவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து மேலே தூவினார். அப்புறம்தான் கூட்டி அள்ள முடிந்தது. சாம்பல் எடுக்க அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படி அள்ளியிருப்பாரோ என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இது 2024 ஜனவரியில், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில். அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று டயப்பர், சில நாள் நான்கு. மாதத்துக்கு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியிலிருந்து நான் பணம் அனுப்புகிறேன், பேராவூரணிக் கடையிலிருந்து கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததெல்லாம் அப்புறம் எங்கே போகிறது என்று அன்று வரைக்கும் நான் கேட்டதில்லை.

எட்டு மணிக்குக் குப்பை வண்டி வந்தது. முன்னெல்லாம் எங்கள் ஊரில் இப்படி ஒன்று கிடையாது. இப்போது பேட்டரி வண்டி, மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காததற்கு ஒரு தொட்டி, பச்சை மேல்சட்டை போட்ட தூய்மைக் காவலர் அக்கா. அம்மா பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து அடுக்கித்தான் கொடுக்கிறார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. டயப்பர்களை நான் இரண்டு பைக்குள் கட்டி நீட்டினேன். அந்த அக்கா பையைத் தொட்டுப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத மட்டும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கண்ணே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் டயப்பர், நாப்கின் எல்லாவற்றையும் பொதிந்து கட்டி உலர்ந்த குப்பையோடு கொடுக்கலாம் என்று இருந்தது. பொதிய உறையைத் தயாரிப்பாளரே பாக்கெட்டோடு தர வேண்டும் என்றும் இருந்தது. அதையெல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டுப் பாக்கெட்டில் உறையும் இல்லை என்பது வேறு விஷயம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஷெட்டுல கொட்டுனா கையால பிரிக்கிறது நாங்கதாண்ணே" என்று கையைக் காட்டினார். துணிக் கையுறை, இரண்டு விரல் நுனியில் கிழிந்திருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "எரிச்சிடுங்க தம்பி, எல்லாரும் அதத்தான் செய்றாங்க" என்றார்கள். அம்மா அதையும் செய்து பார்த்தவர்தான். நனைந்த டயப்பர் தீப்பிடிக்காது, அரை நாள் புகைந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அதனால்தான் குழிக்கு மாறினார்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில் கீழ்வீட்டுப் பாட்டிக்கும் அப்பாவின் நிலைதான். அவர் மகள் மருத்துவச் சீட்டைக் காட்டி நகராட்சியில் டயப்பருக்கென்றே தனிப் பை வாங்கி வருகிறார். கட்டி, மறுசுழற்சிக்கு ஆகாத மிச்சக் குப்பைக்கான தொட்டியில் போட்டால் எரியுலைக்குப் போய்விடும். பதப்படுத்தாத வீட்டுக் குப்பையைப் புதைக்க 2005 ஜூனிலிருந்தே ஜெர்மனியில் தடை. ஜெர்மனிக்குப் பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்பாவுக்கு எங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வருகிறார். நான் இருக்கும் ஊரில்கூட இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. வீடு தேடி இவ்வளவும் கொண்டுவரத் தெரிந்த அரசுக்கு, அதே வீட்டிலிருந்து ஒரு பையை எடுத்துப் போகவும் முடியும். சுகாதார நிலையத்தின் மருத்துவக் கழிவை ஏற்றிப்போக மூடிய வண்டி வரத்தானே செய்கிறது? வாரம் ஒரு நாள் இந்தப் பைகளையும் அங்கே சேர்த்து அதில் ஏற்றிவிடலாம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்து குப்பை என்று ஒன்று வெளியே போனதே இல்லை. சாணமும் சாம்பலும் எருக்குழிக்கு, கழுநீர் அடுத்த வீட்டு மாட்டுக்கு, கொட்டாங்குச்சி அடுப்புக்கு, ஓட்டைக் குடம் பேரீச்சம்பழக்காரருக்கு. தாத்தா ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்ததும் கிழிந்த வேட்டித் துணியிலேயேதான். 'பழையபடி துணிக்கே மாறுங்கள்' என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அந்தத் துணியை அலசி, வெந்நீரில் அவித்துக் காயப்போட அப்பத்தா, சித்தி, அம்மா என்று மூன்று பேர் இருந்தார்கள். இன்றைக்கு அம்மா ஒருத்தர்தான், எழுபத்தோரு வயது. பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். எங்கள் தெருவிலேயே இப்படி ஐந்தாறு வீடு.

அன்று சாயங்காலம் அந்த அக்கா வேலை முடிந்து தானாகவே வீட்டுக்கு வந்தார். கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னையின் வேர்ப்பள்ளம் கிணற்றை விட்டுத் தள்ளி அப்படியே கிடந்தது. "இத ஆழமா வெட்டி, போடப் போடச் சுண்ணாம்பு தூவி, மேல பலகைக்கல்லு வச்சு மூடுங்கண்ணே, நாய் அண்டாது" என்றார். ஆள் வைத்து மறுநாளே வெட்டினோம். அந்தப் பிளாஸ்டிக் மண்ணுக்குள் மக்காமல் கிடக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். கிளம்பும்போது அந்த அக்காவுக்கு முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் கையுறை நான்கு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார்.

நேற்று போனில் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டேன். அம்மா சொன்னார்: "சாப்புட்டாருப்பா. அந்தக் குழி நெறஞ்சிடுச்சு. எலுமிச்ச ஓரமா இன்னொண்ணு வெட்டச் சொல்லியிருக்கேன்."