ஆக்சஸ் ஃபார்மிலிருந்து எக்செல் கோப்பு: நாள்பட உழைக்கும் வழி எது?

ஆக்சஸ் டேட்டாபேஸின் ஃபார்மில் ஒரு பட்டன், அழுத்தினால் எக்செல் கோப்பு திறக்க வேண்டும். ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான விபிஏவில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: ஷெல், ஃபாலோஹைப்பர்லிங்க், கிரியேட்ஆப்ஜெக்ட். முதல் நாள் மூன்றுமே ஓடும். பல கணினிகளில் மாதக்கணக்கில் ஓடிய பிறகுதான் எதன் குணம் என்னவென்று தெரியும்.

ஷெல்லை முதலிலேயே கழித்துவிடலாம். எக்செல் நிரல் இருக்கும் முழுப் பாதையையும் எழுத வேண்டும். 32 பிட் ஆபீஸுக்குப் பதில் 64 பிட் போட்டால் ஃபோல்டர் மாறி, பட்டன் அன்றே படுத்துவிடும்.

பார்க்க மட்டும் கோப்பைத் திறப்பதென்றால் அப்ளிகேஷன்.ஃபாலோஹைப்பர்லிங்க் போதும். ஒரே வரி. ஆனால் பாதுகாப்பு எச்சரிக்கை எட்டிப்பார்க்கலாம். கோப்பின் பெயரில் # குறி இருந்தால் அதோடு பாதை முடிந்ததாக எடுத்துக்கொண்டு தடுமாறும்.

ஷீட்டில் எழுத, படிக்க வேண்டுமானால் கிரியேட்ஆப்ஜெக்ட்தான். எக்செல் மறைந்தபடியே எழும் என்பதால், கோப்பைத் திறக்கும் முன்பே அதன் விசிபிள் பண்பை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால், வேறொருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பற்றி எக்செல் கேட்கும் கேள்வி யார் கண்ணிலும் படாமல், ஃபார்ம் உறைந்து நிற்கும். வேலை முடிந்தபின் எக்செலைப் பயனரிடம் விட்டுச் செல்ல யூசர்கண்ட்ரோல் பண்பையும் ட்ரூ ஆக்க வேண்டும். இன்னொன்று: இப்படி எழும் எக்செலில் பெர்சனல் மேக்ரோ கோப்பும் ஆட்-இன்களும் தாமாக ஏறாது.

நாள்பட்ட பயன்பாட்டில் அதிகம் படுத்துவது பேய் எக்செல். திரையில் ஒன்றும் இருக்காது, டாஸ்க் மேனேஜரில் உட்கார்ந்திருக்கும். விபிஏவில் எக்செல் நூலகத்துக்கு ரெஃபரன்ஸ் (இணைப்பு) சேர்த்து எழுதிய கோடில் ரேஞ்ச், செல்ஸ், ஆக்டிவ்ஷீட் என்று முன்னொட்டின்றி மொட்டையாக ஒரு வரி இருந்தாலே போதும். விபிஏ தானாக ஒரு மறைமுகப் பிடியை வைத்துக்கொள்ளும், எக்செலை மூடும் குவிட் கட்டளை கொடுத்தாலும் விடாது. முதல் முறை சரியாக ஓடி, இரண்டாம் முறை பிழை 462 வந்தால் இதைத்தான் தேட வேண்டும். எல்லா வரிக்கும் முன்னால் ஒர்க்புக், ஷீட் மாறிகளைப் போட்டால் தீரும்.

ரெஃபரன்ஸே சேர்க்காமல் கிரியேட்ஆப்ஜெக்ட்டை மட்டும் நம்பி எழுதும் லேட் பைண்டிங் முறையில், மாட்யூல் தலைப்பில் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் இருந்தால், இந்தத் தவறு கம்பைல் செய்யும்போதே பிடிபடும். பழைய ஆபீஸ் உள்ள கணினியில் ரெஃபரன்ஸ் கிடைக்கவில்லை என்று வரும் 'மிஸ்ஸிங்' தொல்லையும் இராது. எழுதும்போது குறிப்புப் பட்டியல் வராது, எக்ஸ்எல்அப் போன்ற மாறிலிகளுக்கு -4162 என்று எண்ணையே எழுத வேண்டும். அந்தச் சிரமம் தாங்கக்கூடியதே.

திறக்கும் முன் டிர் என்ற ஃபங்ஷன் கொண்டு கோப்பு உண்டா என்று பார்ப்பது வழக்கம். அதிலும் ஒரு குழி: டெக்ஸ்ட் பாக்ஸ் காலியாக இருந்து வெற்றுச் சரம் போனால், டிர் நடப்பு ஃபோல்டரின் முதல் கோப்பைத் திருப்பித் தந்து 'உண்டு' என்றுவிடும். எனவே முதலில் லென் கொண்டு சரத்தின் நீளத்தைப் பாருங்கள். பாதையில் இசட் போன்ற டிரைவ் எழுத்து வேண்டாம், கணினிக்குக் கணினி மாறும். இரட்டைப் பின்சாய்கோட்டில் (\\) தொடங்கும் சர்வர் பாதையையே டேபிளில் சேமியுங்கள்.