கடலைக்குச் சொட்டு நீரா, தெளிப்பானா? காய் பிடிக்கும் மேல்மண்ணைப் பாருங்கள்

நிலக்கடலைக்குச் சொட்டு நீர், தெளிப்பான் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தெளிப்பானையே வைத்துக்கொண்டேன். வாய்க்காலில் பாய்ச்சுவதை இங்கே பேசவில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அதை எப்போதோ தாண்டியிருப்பார்கள்.

சிக்கனத்தை மட்டும் பார்த்தால் சொட்டு நீர்தான் முந்தும். காற்றில் சிதறாது, இலையில் பட்டு ஆவியாகாது, களை குறையும், உரத்தையும் குழாயிலேயே விடலாம். சரி, பிறகு ஏன் தெளிப்பான்? காரணம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம்.

பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து நீளும் காம்பு, அதாவது விழுது, மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிறது. வேர் எடுக்கும் சுண்ணாம்பு தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும். அங்கிருந்து காய்க்குத் திரும்பி வராது. காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தன் தோல் வழியாகவே எடுத்தாக வேண்டும். அதனால் மேல்மண்ணில் 5 முதல் 8 சென்டிமீட்டருக்குள் சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சமும் இருக்க வேண்டும், அதைக் கரைக்க ஈரமும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், செடி பச்சைப் பசேலென்று நிற்கும். பிடுங்கினால் பொக்குக் காயாக வரும்.

மணற்பாங்கான நிலத்தில் சொட்டும் நீர் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேராகக் கீழே இறங்கிவிடும். விதைத்த 40-45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைத்த வயலை, கொஞ்ச நாள் கழித்து விரலால் கிளறிப் பார்த்தேன். குழாயில் நீர் சொட்டும் டிரிப்பருக்கு அடியில் நல்ல ஈரம். ஒரு சாண் தள்ளி, விழுது இறங்கிய இடத்தில் பொடி மண்; ஜிப்சம் போட்டது போட்டபடி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. வேருக்கு ஆழத்தில் தண்ணீர் கிடைத்ததால் செடியில் வாட்டமே இல்லை. மேலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

ஜிப்சத்தைக் குழாயில் விட முடியாதா என்று கேட்பார்கள். லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்தான் அது கரையும். மீதி டிரிப்பரை அடைக்கும். கால்சியம் நைட்ரேட் நன்றாகக் கரையும். ஆனால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சுகள் நன்றாக வேலை செய்யும் வயலில், காய் பிடிக்கும் நேரத்தில் அதோடு வரும் தழைச்சத்து வீண்.

தெளிப்பான் மழை போல வரிசை முழுவதையும் நனைக்கிறது. ஜிப்சம் கரைந்து காய் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது, விழுதும் இளகிய மண்ணில் சிரமமின்றி இறங்குகிறது. முளைத்த பிறகு பூக்கும் வரை தண்ணீரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன். பூவிலிருந்து காய் திரளும் வரை மேல்மண் காய விடுவதில்லை. மிச்சம் பிடித்த தண்ணீர் அப்போதுதான் வேண்டும். சாம்பல் சத்து தரும் பொட்டாஷை அடியுரத்தோடு முடித்துவிடுவேன். காயைச் சுற்றிச் சாம்பல் சத்து மிகுந்தால் காய் சுண்ணாம்பை எடுப்பது குறையும்.

தெளிப்பானிலும் தொல்லை உண்டு. இலை நெடுநேரம் நனைந்திருந்தால் டிக்கா இலைப்புள்ளி நோயும் துரு நோயும் பரவும். அதிகாலையில் ஓட்டி, வெயில் ஏறும்போது இலை காய்ந்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். காற்று அடிக்கிற நேரத்தில் ஓட்டினால் ஒரு பக்கம் நனையாமலே போகும்.

உப்புத் தண்ணீர் என்றால் நானே சொட்டு நீரைத்தான் சொல்வேன், தெளித்தால் இலை கருகும். கனத்த களிமண்ணில் நான் கடலை போட்டதில்லை. அங்கே ஈரம் பக்கவாட்டில் பரவும் என்பதால் சொட்டு நீருக்கு நான் சொன்ன குறை அவ்வளவு பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

சொட்டு நீர்தான் வழி என்றால் டிரிப்பர் இடைவெளியை நெருக்கி, ஒரு குழாயின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் வரிசை விடுங்கள். ஜிப்சத்தை வயல் முழுக்க வீசாமல், ஈரம் படும் பட்டையிலேயே செடியோரமாகப் போட்டு மண் அணையுங்கள்.