நானூறு ரூபாய் பேசில் கிட்: காசு எதற்குத் தகும்?

கைக்கு அடக்கமான ஒரு தகர டப்பா, பிஸ்கட் போல இறுக்கிய இரண்டு தென்னை நார்க்கழிவு வில்லைகள், ஒரு பொட்டலம் பேசில் (இத்தாலியச் சமையலில் போடும் வாசனை இலை) விதை, மடித்த துண்டுச்சீட்டு. ஆன்லைனில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய இந்தக் கிட்டில் இருப்பது இவ்வளவுதான். பெட்டி அழகு, பரிசு கொடுக்கத் தோதானது. செடி வளர்க்கத் தோதா என்பதுதான் கேள்வி.

இதில் உருப்படியானது விதை. திருநீற்றுப்பச்சிலையும் பேசிலும் ஒரே இனம். ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜாவும் அதன் விதைதான். (துளசி வேறு இனம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்படியானால் மளிகைக்கடைச் சப்ஜாவையே தூவினால் ஆகாதா? முளைக்கும். ஆனால் பெரும்பாலும் சின்ன இலையோடு, சீக்கிரம் பூத்துவிடும் செடிதான் வரும். சோம்பு வாடை தூக்கலாக அடிக்கும். அந்த வாடைக்குக் காரணம் மீதைல் சாவிகால் என்னும் எண்ணெய்ப் பொருள். பெஸ்டோ (பேசில் இலையில் அரைக்கும் இத்தாலியத் துவையல்) அரைக்க அகலமாக, கரண்டி போலக் குழிந்த இலையுள்ள ஜெனோவீஸ் வகை வேண்டும். இந்தப் பொட்டலத்தில் அந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறது. வெறும் ‘பேசில்’ என்று போட்டு விற்பதை வாங்காதீர்கள்.

துண்டுச்சீட்டு அரை அங்குல ஆழத்தில் புதைக்கச் சொல்கிறது. தப்பு. ஈரம் பட்ட சில நிமிடத்தில் ஒவ்வொரு விதையும் சாம்பல் நிறக் கூழ் உறை போட்டுக்கொண்டு தவளை முட்டை மாதிரி ஆகிவிடும். ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்தக் கூழ்தான். நனைந்த நார்க்கழிவின் மேல் விதையைத் தூவி, அதன்மேல் உப்புத் தூவுகிற அளவுக்கு நார்க்கழிவு போட்டால் போதும். ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். முன்கூட்டியே ஊறவைத்தால் விதை விரலை விட்டு இறங்காது.

டப்பாவின் அடியில் ஓட்டை இல்லை. கிட்டின் பெரிய குறை இதுதான். அடியில் தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வரும்: தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூல் போல மெலிந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். ஆணியால் நாலைந்து துளை போடுங்கள், மேல் மண் காய்ந்த பிறகு காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். அப்படியும் இது மூன்று வார நாற்றங்கால்தான். வெயிலில் தகரம் சுட்டு வேர் வெந்துபோகும்.

நார்க்கழிவில் சத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. விதைக்குள் இருப்பது தீர்ந்ததும் இலை வெளுக்கும். உரம் பற்றிச் சீட்டில் ஒரு வரி கூடக் கிடையாது. மூன்றாவது ஜோடி இலை வந்ததும் 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள்: செம்மண் 2 பங்கு, நார்க்கழிவு 1, மண்புழு உரம் 1. தொட்டிக்கு ஒரு செடி. பெட்டிப் படத்தில் செடி ஜன்னல் ஓரம் சிரிக்கிறது. அந்த வெளிச்சத்தில் வளர்த்தால் கொடி போல நீண்டு சாயும். தினம் 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள்.

கிள்ளுவது பற்றியும் சீட்டு வாய் திறக்கவில்லை. செடி ஆறு அங்குலம் ஆனதும், கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே தண்டோடு நறுக்க வேண்டும். கணுவின் இருபுறமும் இரண்டு கிளை கிளம்பும். பலர் கீழே உள்ள பெரிய இலைகளை மட்டும் பறித்துப் பறித்துச் செடியை மொட்டைக் குச்சியாக்கிவிடுகிறார்கள். பூ மொட்டு தெரிந்தால் அன்றைக்கே கிள்ளுங்கள், விட்டால் இலை கசக்கும். பறித்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும். டம்ளர் தண்ணீரில் வெளியே வையுங்கள்.

மழைக்காலத்தில் இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு விழுந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் பொடி இருந்தால் அடிச்சாம்பல் நோய். வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

பரிசாக வந்தால் வளர்க்கலாம். காசு கொடுத்து வாங்குவதானால் ஜெனோவீஸ் விதைப் பொட்டலம் மட்டும் தனியாக வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பேசில் கட்டு கிடைக்கிற ஊரென்றால் அந்தச் செலவும் மிச்சம்: நாலு அங்குலத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்று, இரண்டு வாரத்தில் வெள்ளை வேர் விட்டிருக்கும்.