கோபாசி: நொதிக் கணக்குக்கு நல்ல துணை

நொதித்தல் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாகக் கோபாசிதான் என் துணை. உயிரணுவுக்குள் நடக்கும் வேதிவினைகளைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் இலவச மென்பொருள் (COPASI) இது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டுப்பாட்டுக் கெழு அட்டவணை; ஒரு நொதியைச் சற்றே கூட்டினால் வினைத்தொடரின் வேகம் எந்த விகிதத்தில் மாறும் என்பதே இந்தக் கெழு. ஈஸ்ட்டின் கிளைக்காலிசிஸ் (சர்க்கரையைச் சிதைக்கும் வினைத்தொடர்) மாதிரியை ஏற்றினால், எந்த நொதி எத்தனால் பாய்வை (எத்தனால் உருவாகும் வேகத்தை) எவ்வளவு ஆள்கிறது என்பது எண்ணாகவே தெரிகிறது. ஒரு பாய்வுக்கான கெழுக்கள் அனைத்தையும் கூட்டினால் 1 வரும். இத்தொடரின் நொதிகளில் ஒன்றான பாஸ்போபிரக்டோகைனேஸ்தான் அதன் வேகத்துக்குக் கடிவாளம் என்று கல்லூரியில் படித்திருந்தேன். ஈஸ்ட்டில் அதைப் பெருக்கியும் எத்தனால் கூடவில்லை என்று 1980களின் சோதனைகளே காட்டிவிட்டன. பாடநூல்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்!

நொதிகளும் புரதங்களே என்பதால், மொத்தப் புரதத்துக்கு வரம்பிட்டு, அதற்குள் எந்த நொதிக்கு எவ்வளவு என்ற உகந்த பங்கீட்டையும் தேடலாம். இதற்கான தேடல் வழிகளில் ஒன்றான துகள்திரள் முறை (particle swarm) தற்செயல் எண்களைக் கொண்டு தேடுவதால், ஒவ்வொரு தடவையும் வேறு விடை தரக்கூடும். பத்து முறையாவது ஓட்டுங்கள். வினைவேக மாறிலிகள் (ஒவ்வொரு நொதியின் வேகத்தையும் குறிக்கும் எண்கள்) கையில் இல்லாதவர்கள் முதலில் அவற்றைத் திரட்டிக்கொண்டு வாருங்கள்.