கறுப்பு வெள்ளையா, கலரா?

1944-ஆம் ஆண்டு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தை வரைய உட்கார்ந்தால், முதலில் இடிப்பது அங்கே வேலை செய்பவர்களின் சட்டை நிறம்தான். விமானத்துக்குக் கைகாட்டி வழி சொல்பவருக்கு மஞ்சள். தள்ளி நிறுத்துபவருக்கு நீலம். இறங்கும் விமானத்தைப் பிடிக்கும் கம்பி வடத்தைக் கவனிப்பவருக்குப் பச்சை. ராயபுரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

கறுப்பு வெள்ளைப் படங்கள் எக்கச்சக்கம். துணித் தொப்பியின் தாடைப் பட்டி, சுருட்டிவிட்ட கை, முழங்கால் எண்ணெய்க் கறை வரை தெரியும். நிறத்தை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்திருந்தால் மஞ்சள் சட்டை வெள்ளையாகவே தெரியும். அதை நம்பி வெள்ளை பூசினால் ஆளின் வேலையே மாறிப்போகும்.

அந்தக் காலக் கலர்ப் படங்கள் குறைவு. ஆனால் இருட்டில் பத்திரமாக வைத்த கோடாக்ரோம் (கோடாக் நிறுவனத்தின் கலர் ஃபிலிம்) என்றால் சாயம் அவ்வளவு எளிதில் போகாது. இப்போது கணினியில் கலர் ஏற்றிச் சுற்றவிடுகிறார்களே, அவை வெறும் ஊகம், பக்கத்திலேயே போகாதீர்கள்.

ஒன்றுதான் என்றால் நான் கோடாக்ரோமைத்தான் எடுப்பேன். தையலுக்கு மட்டும் கறுப்பு வெள்ளை. அப்புறம், மஞ்சளை ட்யூபிலிருந்து அப்படியே பூச வேண்டாம். காசிமேட்டில் வலை இழுப்பவர்களின் சட்டையைப் பாருங்கள்: தோள் வெளிறி, அக்குளில் மட்டும் பழைய நிறம் நிற்கும். உப்புக்காற்றும் வெயிலும் எந்தக் கடலிலும் துணியை அப்படித்தான் ஆக்கும்.